முன்னால் போன விளக்கு

ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். பல் டாக்டர், பேங்க் மேனேஜர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என்று இன்று மிடுக்காக நடமாடும் பலரும் ஒரு காலத்தில் அவருடைய வெள்ளைக் காரில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து, "கிளட்ச்சிலேருந்து காலை மெதுவா எடுக்கணும், சுட்டுக்கிட்ட மாதிரி எடுக்கக் கூடாது" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தாம். டிரைவிங் மாஸ்டர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் அடைமொழி எதுவும் இல்லாமல் மாஸ்டர் என்று சொன்னால் அது அவரை மட்டுமே குறிக்கும்.

அந்தக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எல்லா டிரைவிங் ஸ்கூல் கார்களிலும் இருப்பதுதான். அவருடைய வலது கால் எப்போதும் அதன் மேல் தயாராக இருக்கும். பழக்கம் முற்றிப்போய், பஸ்ஸில் போனாலும் அந்தக் கால் தரையை அழுத்தும். ஒரு முறை சினிமாத் தியேட்டரில் திரையில் கார் ஒன்று பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தபோது அவர் அழுத்திய அழுத்தில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

அவர் லாரி கிளீனராகத் தொழிலைத் தொடங்கியவர். பிறகு டிரைவர். மலைப்பாதையில் பாரம் ஏற்றிப் போன காலத்தில் ஒரு குளிர்கால விடியலில் மூடுபனி இறங்கியது. வண்டியின் முன்பக்கமே தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அப்போது முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டார். அது வளைந்தால் வளைந்தார், நின்றால் நின்றார். அடிவாரத்தில் வெயில் அடித்தபோது திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் லாரிகள் வரிசையாக, ஒன்றின் விளக்கை ஒன்று பிடித்தபடி வந்துகொண்டிருந்தன. அன்று தப்பித்த டிரைவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு தன்னிடம் படித்த ஒருவரையும் மூடுபனிப் பாடம் சொல்லாமல் அவர் வெளியே விட்டதில்லை. "கண்ணு தெரியலேன்னா முன்னாடி போறவனோட சிவப்பு விளக்கைப் பிடிச்சுக்க. அவன் காட்டுற வழிதான் வழி." சாலையில் அது சரியான பாடம். இன்றும் சரிதான்.

மனைவியையும் அவர் அந்த வெள்ளைக் காரில்தான் முதலில் பார்த்தார். மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த பெண் வண்டி கற்றுக்கொள்ள வந்தாள். மூன்று முறை டெஸ்ட், மூன்று முறையும் பெயில். "பாஸ் பண்ண வைக்க முடியல, அந்த வெட்கத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டார்" என்று அவள் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன் அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. தாய் இல்லாத தம்பி ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடம் போகிற வயது. அவள் எங்கே போனாலும் அவனும் அவளோடுதான் வருவான். மாஸ்டர் அதற்கென்ன என்றார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்தக் குறை தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தத் தம்பிதான்.

தம்பி வளர்ந்து சோபா செய்யும் தொழிலில் இறங்கினான். கடைத்தெருவின் கடைசியில் பட்டறை. உள்ளே போனால் தேங்காய் நாரும் ரெக்ஸினும் பசையும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்வான். அப்போது மட்டும்தான் அவன் வாய் சும்மா இருக்கும். ஊரில் அவன் பெயர் சோபா. கல்யாணம் பற்றிக் கேட்டால், "எனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு சோபாவே இன்னும் அமையல, அதுக்குள்ள பொண்ணா?" என்பான். மாஸ்டர் வீட்டு மாடி அறைதான் அவன் வீடு. வண்டி ஓட்ட அவனும் கற்றுக்கொள்ளவில்லை. "ஊருக்கே சொல்லிக் கொடுத்தீங்க மாமா, வீட்டுல ரெண்டு பேர் பெயில். போர்டைக் கழட்டிடுங்க" என்று சீண்டுவான்.

படகு வாங்கும் யோசனை அவனுடையது. பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபெயரும்போது தம்முடைய சின்ன ஃபைபர் படகை மாஸ்டரிடமே தள்ளிவிட்டுப் போக நினைத்தார். வெளியே தொங்கும் என்ஜின், கார் ஸ்டீயரிங் மாதிரி ஒரு ஸ்டீயரிங், குறுக்கே இரண்டு பலகை. மாஸ்டர் தயங்கினார். சோபா விடவில்லை.

"மாமா, வாழ்நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டுறதைப் பாத்துக்கிட்டே உக்காந்துட்டீங்க. உங்க கால் பிரேக்கை மிதிச்சு மிதிச்சே தேஞ்சு போச்சு. இதுல பிரேக்கே கிடையாது. காலுக்கு லீவு விடுங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகும் வந்துவிட்டது.

லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொடுபவனைக் கண்டால் மாஸ்டருக்கு ஆகாது. ஆனால் அந்த அளவுப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. படகுத்துறை ஆபீஸில் ஒரு கையெழுத்து, விதிகள் அடங்கிய ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை அவர் ஒரே மூச்சில் படித்தார். படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. "பின்னாடி வெள்ளையா? தலைகீழா இருக்கே" என்று சோபாவிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். ஆக, அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியும். தெரிந்தது தலையில் இருந்தது. மலைப்பாதையில் கற்றது கைகளில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் இனிமையாகக் கழிந்தன. விரிகுடாவைச் சுற்றி வருவார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் ஃபிளாஸ்க்கில் காபியும் இருக்கும். மாஸ்டருக்கு முகத்தில் அடிக்கும் காற்று பிடித்திருந்தது. திட்டுவதற்குப் பக்கத்தில் மாணவர் யாரும் இல்லாததும் பிடித்திருந்தது. பலகை உட்கார இதமாக இல்லை என்று சோபா ஒவ்வொரு முறையும் குறைப்படுவான். நல்ல ரெக்ஸின் மெத்தை தைத்துப் போடுகிறேன் என்பான். ஊருக்கெல்லாம் மெத்தை தைப்பவனுக்குத் தன் படகுக்குத் தைக்க நேரம் வாய்க்கவில்லை. அதுவரைக்கும் இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வான். "இதுவும் மெத்தைதான் மாமா. மிதக்குற மெத்தை."

அவனுக்கு நீச்சல் தெரியாது. அக்காவுக்கு அதுதான் கவலை. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று அவள் சொல்வது ஒன்றே ஒன்று.

"ஏங்க, அவன் விளையாட்டுப் பிள்ளை. நீங்கதான் பாத்துக்கணும். போன மாதிரியே கொண்டுவந்து சேத்துருங்க."

"அக்கா, நான் என்ன பார்சலா?" என்பான் சோபா.

"ஆமாண்டா. உடையுற பார்சல்."

அந்த ஞாயிறும் அப்படித்தான் கிளம்பினார்கள். மாஸ்டர் வழக்கம்போலத் தம்முடைய போனைக் காரின் டேஷ்போர்டு அறைக்குள் வைத்துப் பூட்டினார். வண்டி ஓட்டுபவன் கையில் போன் இருக்கக் கூடாது என்பது அவர் மாணவர்களுக்குச் சொல்லும் விதி. தமக்கும் அதில் விலக்குக் கொடுத்ததில்லை. படகுக்கும் அதே விதி. சோபாவின் போன் அவன் சட்டைப் பையில் இருந்தது.

மதியத்துக்குப் பிறகு, விரிகுடாவின் வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருந்தார்கள். கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. வெளிக்கடல் பக்கம் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

"மாமா, அங்க பாருங்க. யாரோ பஞ்சு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டிட்டாங்க. எனக்கு ஒரு வருஷத்துக்குத் தாங்கும்."

"பனி. திரும்பிடலாம்."

மாஸ்டர் உடனே திருப்பினார். அதில் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அது அவர்களைவிட வேகமாக வந்தது. முதலில் வெயில் மங்கியது. பிறகு கரையில் இருந்த கட்டடங்களின் கீழ்ப்பாதி காணாமல் போய், மேல்மாடிகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. அப்புறம் அவையும் போய்விட்டன. குளிர் சட்டைக்குள் புகுந்தது. படகின் முனையே புகைபோலத் தெரிந்தது.

மாஸ்டர் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்தபடி காம்பஸைப் பார்த்து ஓட்டினார். அதுவும் சரிதான். "போனைப் போட்டு மேப்பைப் பாருடா" என்றார். சோபா பார்த்தான். சார்ஜ் செத்துப்போயிருந்தது. வரும் வழியெல்லாம் பாட்டுப் போட்டு வந்திருந்தான்.

"உங்க போன்?"

"கார்ல."

"நல்லவேளை. கார் வழி தவறாது."

மாஸ்டர் சிரிக்கவில்லை. காம்பஸின் ஊசி ஒரு நிலையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. சின்னப் படகில் அது அப்படித்தான் ஆடும். நடுவாந்திரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். அதற்குப் பழகியவர்களுக்கு அது தெரியும். அவருக்கோ நாற்பது கிலோமீட்டர் என்றால் முள் நாற்பதில் நிற்க வேண்டும். ஆடுகிற முள்ளை அவர் வாழ்க்கையில் நம்பியதில்லை.

அப்போதுதான் முன்னால், கொஞ்சம் மேலே, மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. ஒரு என்ஜினின் கனத்த முனகலும் கேட்டது.

"மாமா! வண்டி ஒண்ணு போகுது!"

மாஸ்டரின் தோள்கள் தளர்ந்தன. எத்தனையோ வருடங்களுக்கு முந்தைய அந்த மலைப்பாதை அப்படியே திரும்பி வந்தது. பாறை, பள்ளம், முன்னால் போகும் லாரி. ஒரு யோசனையும் இல்லாமல் அவருடைய கைகள் ஸ்டீயரிங்கை அந்த விளக்கின் பக்கம் திருப்பின. "பிடிச்சாச்சு" என்றார். "இனி கவலையில்லை. அவன் துறைக்குத்தான் போவான். விடாம பின்னாடியே போயிடலாம்."

சோபா எழுந்து நின்று கையை ஆட்டினான். "அண்ணே! எங்களையும் இழுத்துட்டுப் போங்க!"

விளக்கு இடப்பக்கமாக நகர்ந்தது. முன்னால் வளைவு வருகிறது என்று மாஸ்டர் நினைத்தார். கடலில் வளைவு ஏது என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரும் இடப்பக்கம் ஒடித்தார். விளக்கு இன்னும் நகர்ந்தது. இன்னும் ஒடித்தார். பின்தங்கிவிடக் கூடாதே என்று என்ஜினை லேசாக முடுக்கவும் செய்தார். சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. முன்னால் போகிற வண்டியின் விளக்கு இவ்வளவு சீக்கிரம் பெரிதாகாது என்பது அவருக்கு உறைத்த நேரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு சுவர் வெளியே வந்தது. துருவும் பாசியும் படிந்த இரும்புச்சுவர். பெரிய மீன்பிடி விசைப்படகு ஒன்றின் இடப்பக்கம். அது அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டர் பிரேக் போட்டார்.

வலது காலை ஊன்றி, உடம்பின் முழுப் பலத்தையும் கொடுத்து, படகின் அடித்தளத்தை மிதித்தார். எந்த மாணவன் தடுமாறினாலும் ஒரு நொடியில் காரை நிறுத்திய அதே மிதி. என்ஜினை அணைக்க வேண்டிய கை, கால் வேலையைச் செய்துவிடும் என்று நம்பிச் சும்மா இருந்தது. படகு நிற்கவில்லை. பெரிய படகின் பக்கவாட்டில் சரிந்து உரசி, ஒரு பக்கமாகத் தூக்கி எறியப்பட்டது. விசைப்படகில் இருந்தவர்களுக்கு அந்த உரசல் கேட்டதா என்பது தெரியாது. அது நிற்காமல் பனிக்குள் போய்விட்டது. அதன் அலை வந்து படகை ஆட்டி அடங்கியபோது, எதிர்ப் பலகையில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"மாமா!"

குரல் கேட்டது. பக்கத்தில்தான். மாஸ்டர் என்ஜினை அணைத்தார்.

"எங்கடா இருக்கே?"

"இங்கதான்! தண்ணி ஐஸா இருக்கு! ஏதோ கட்டை ஒண்ணு கிடைச்சுது, பிடிச்சிருக்கேன்!"

வலப்பக்கம் என்று தோன்றியது. என்ஜினைப் போட்டு வலப்பக்கம் போனார். என்ஜின் ஓடினால் வேறு எந்தச் சத்தமும் கேட்காது. மறுபடி அணைத்தார். இப்போது குரல் பின்னாலிருந்து வந்தது. திருப்பினார். அணைத்தார். இடப்பக்கம். பனி, குரலை எடுத்துக்கொண்டு போய் எங்கெங்கோ வைத்துவிட்டு வந்தது. நெருங்க வேண்டுமானால் என்ஜின் ஓட வேண்டும், கேட்க வேண்டுமானால் என்ஜின் நிற்க வேண்டும். தவிர, அந்த என்ஜினுக்கு அடியில் விசிறி சுழல்கிறது. கண் தெரியாமல் அவன் மேல் ஏற்றிவிட்டால்? லைஃப் ஜாக்கெட்டுகளைக் குரல் வந்த பக்கம் வீசினார். ஒன்று ஒரு பக்கம், மற்றது இன்னொரு பக்கம்.

"ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டிருக்கேன்டா! தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல மாமா!" கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, பக்கத்துல வந்துட்டு வந்துட்டுப் போறீங்க. ரிவர்ஸ் எடுங்க!"

அந்த நிலையிலும் அவனுக்கு அப்படித்தான் பேச வந்தது. மாஸ்டர் ரிவர்ஸ் எடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுடைய சொல்படி வண்டி ஓட்டினார். அணைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப?"

"கிட்ட இருக்கீங்க."

குரல் நடுங்கியது. பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. அவ்வளவு கிட்டே. கையை நீட்டித் தண்ணீரைத் துழாவினார். தண்ணீர்தான் கையில் பட்டது.

"பேசிக்கிட்டே இருடா. நிறுத்தாதே."

"என்ன பேசறது?"

"எதையாவது."

"அக்கா திட்டும் மாமா."

அதன் பிறகு அவர் கூப்பிட்டார், பதில் வரவில்லை. தொண்டை கிழியும்வரை கூப்பிட்டார். என்ஜினைப் போடுவதா வேண்டாமா என்று முடிவுக்கு வர முடியாமல் சாவியின் மேல் கையை வைத்தபடியே இருந்தார். போட்டால் அவன் கூப்பிடுவது கேட்காமல் போய்விடலாம். அப்படியே இருந்தார்.

பனி விலகியபோது பொழுது சாயும் நேரம். வந்தது போலவே அவசரமாக விலகியது. எதிரே கரை தெரிந்தது. கட்டடங்கள், படகுத்துறை, கார் நிறுத்தும் இடத்தில் தம்முடைய வெள்ளைக் கார், எல்லாம் தெரிந்தன. கடல் சுத்தமாக இருந்தது. ஒரு லைஃப் ஜாக்கெட் தொலைவில் மிதந்தது. மற்றொன்றும், கட்டையும், ஆளும் இல்லை.

கடலோரக் காவல் படையினர் பல நாள் தேடினார்கள். விசாரணை அதிகாரி நல்ல மனிதர். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார்.

"சார், விழுந்த இடம் எது? தோராயமாச் சொன்னாப் போதும். நீரோட்டத்தைக் கணக்குப் பண்ணித் தேடலாம்."

மாஸ்டருக்குத் தோராயமாகச் சொல்லிப் பழக்கமில்லை. இது இடம் என்று அவர் ஒன்றைச் சொல்லி, அது தவறாக இருந்து, அதனால் சரியான இடத்தில் தேடாமல் போய்விட்டால்? "தெரியல" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அதிகாரி விரிகுடா முழுவதையும் தேடச் சொன்னார். அதாவது எங்கேயும் சரியாகத் தேட முடியவில்லை. முடிவில் இது விபத்து, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதினார்.

விபத்து நடந்த அன்று இரவு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அடுப்படியில் மூன்று தட்டு வைத்திருந்தாள். செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனாலும் மூன்று வைத்திருந்தாள். அழவில்லை. "எந்தப் பக்கத்துலேருந்து கூப்பிட்டான்?" என்று மட்டும் கேட்டாள். அவர் கையைத் தூக்கி ஒரு பக்கம் காட்டப் போனார். பிறகு இன்னொரு பக்கம். பிறகு கையைக் கீழே போட்டார்.

அவள் படுக்கையை மாடிக்கு மாற்றிக்கொண்டாள். சண்டை எதுவும் இல்லை. மருந்துக்கடைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், அவருக்கு மாத்திரை எடுத்து வைத்தாள். சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விடுவாள். மேலே அவள் நடக்கும் சத்தம் கீழே கேட்கும். கட்டில் கிடக்கும் மூலை, ஜன்னல், அலமாரி என்று எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஏறிப் போகத் துணிவு வரவில்லை. அவருடைய காரில் அவள் ஏறுவதையும் நிறுத்திவிட்டாள். "நடந்தே போறேன், பக்கம்தானே" என்பாள். கடை பக்கத்தில் இல்லை.

பட்டறையை அவளே ஒழித்தாள். அரைகுறையாக நின்ற சோபாக்களை வேறு ஆளைவிட்டு முடித்துக் கொடுத்தாள். படகுக்கென்று வெட்டி வைத்த நீலநிற ரெக்ஸின் துண்டுகள் ஒரு மூலையில் கிடைத்தன. வெட்டியிருந்தான். தைக்கவில்லை. அவற்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை, எறியவும் இல்லை. கடையைப் புதிதாக எடுத்தவனிடமே விட்டுவிட்டாள்.

படகுச் சங்கத்துச் செயலாளர் ஒரு நாள் வந்தார். பழைய மாணவர்தான்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. புதுசா சேர்றவங்களுக்கு மூடுபனியைப் பத்தி நீங்க ஒரு வகுப்பு எடுத்தா நல்லது. அனுபவப்பட்டவங்க சொன்னாத்தான் ஏறும்."

மாஸ்டர் ஒத்துக்கொண்டார். சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. சங்கத்தின் காபி அறையில் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிய இளைஞர்கள், ஓய்வுபெற்ற தம்பதிகள். அவர் சுத்தமாக, ஒழுங்காகச் சொன்னார். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், பலகையில் அல்ல. போன் சார்ஜோடு உடம்பிலேயே இருக்க வேண்டும். ஊசி ஆடினாலும் ஊசியை நம்புங்கள். முடிந்தால் கப்பல் போகும் பாதையை விட்டு ஒதுங்கி, ஆழமில்லாத இடத்தில் நங்கூரம் போட்டு, மணி அடித்துக்கொண்டு காத்திருங்கள், பனி எப்படியும் விலகும். சிவப்பைக் கண்டால் அதன் பின்னால் போகாதீர்கள். சிவப்பு என்றால் ஒருவன் உங்களுக்குக் குறுக்கே போகிறான்.

ஒரு இளைஞன் கையைத் தூக்கினான். "சார், அதெல்லாம் சரி. சிவப்பு விளக்கு பின்னாடியே யாராவது போவாங்களா? அடிப்படைகூடத் தெரியாதவன்தான் போவான்."

சிரிப்பு எழுந்தது. செயலாளர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடிப்படை நல்லாத் தெரிஞ்சவன்தான் போவான்" என்றார் மாஸ்டர். அதற்கும் சிரித்தார்கள். பெரியவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். வகுப்பு முடிந்து அவர் வெளியே வந்தபோது, துறையில் அந்த இளைஞன் படகில் ஏறிக்கொண்டிருந்தான். அவனுடைய லைஃப் ஜாக்கெட் ஸ்டீயரிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். அவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஜாக்கெட்டை எடுக்காமலே போனான்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு காலை மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவருகே நின்றுகொண்டு சொன்னாள்.

"என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவன் இருக்குற இடத்தை நான் ஒரு தடவை பாக்கணும்."

அந்த ஒரு வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது. மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் காரில் ஏறினாள். முதன்முதலாக வண்டி எடுப்பவனைப் போல அவர் கியரை உரசவிட்டார்.

துறையில் அவள் ஜாக்கெட்டைத் தானே மாட்டி, வார்களைத் தானே இறுக்கினாள். அவர் கைகொடுக்கப் போனதைக் கவனிக்காதது போல இருந்தாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விரிகுடாவின் வாயைத் தாண்டி, அன்று போன மாதிரியே போனார். ஒரு இடத்தில் என்ஜினை அணைத்தார். அணைத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. எங்கேயாவது அணைக்க வேண்டும்.

படகு மெல்ல ஆடியது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ இளகியது போலத் தெரிந்தது. கையை இறக்கித் தண்ணீரைத் தொட்டாள்.

"இங்கயா?"

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. அதுவும் அவளிடம், அவனைப் பற்றி.

"தெரியல" என்றார்.

"கிட்டத்தட்டவாவது?"

"இந்தப் பக்கமா இருக்கலாம். அந்தப் பக்கமாவும் இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

அவள் கையை வெளியே எடுத்தாள். புடவையில் துடைத்துக்கொண்டாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"இங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன, அளந்தா பாக்கப் போறேன்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"இப்பச் சொல்லாதீங்க" என்றாள். "திருப்புங்க, போலாம்."

அவர் என்ஜினைப் போட்டார். அவள் முன்பலகைக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். துறை நேர் எதிரே இருந்தது. சங்கத்துக் கட்டடத்தின் ஜன்னல்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வழியில் ஒரு படகும் குறுக்கிடவில்லை. கரை சேரும்வரை அவர் நேராக ஓட்டினார்.